நீ சுற்றிய வேகம்

இன்று காலை பாரிசில், லா சப்பல் மெத்ரோ நிலையத்தடியில் ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றிச் சில்லைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் ‘சர்ர்’ என்ற சத்தம் கேட்டதும் என் கால் நின்றுவிட்டது. மரக்கறிப் பையோடு வழியை மறித்துக்கொண்டு நின்றேன். மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு கிதார் கேட்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத அந்த வருடங்களில் எங்கள் மின்சார நிலையமே நீதான். உன் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசெற் பிளேயரில் கொழுவுவாய். நீ பெடலைச் சுற்றினால் பாட்டு வரும். எல்லாரும் சினிமாப் பாட்டுக் கேட்க, உனக்கு மட்டும் லண்டனிலிருந்து யாரோ கொண்டுவந்த அந்த ரொக் கசெற்தான் வேண்டும். பாட்டின் நடுவே நீளமாக ஒரு கிதார் வாசிப்பு. அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிவிடுவாய். கை தானாகத் தளரும். கையோடு சேர்ந்து கிதாரும் மெல்ல இழுபட்டு அழத் தொடங்கும். பாட்டே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைப் படித்துவிட்டு உனக்குக் கதை சொல்வேன். ஒருவர் மேடையில் கிதாருக்கு நெருப்பு வைத்தது, லண்டனில் ஒரு குழு மொட்டைமாடியில் ஏறிப் பாட பொலிஸ் வந்தது, எல்லாவற்றையும் ரசித்துக் கேட்பாய். நாட்டுப்பாடல் பாடிய ஓர் அமெரிக்கர் மின்சாரக் கிதாரோடு மேடையேறியபோது சனம் கத்தியதைத்தான் உன்னால் பொறுக்க முடியவில்லை.

“கரண்ட் வந்ததுக்கோ கூக்காட்டினவங்கள்? ஒருக்கா அவங்களை இஞ்சை வரச் சொல்லு!”

பிறகு பாரிசுக்கு வந்தோம். லா கூர்னெவ் புறநகரில் ஒரே அறை, ஒரே உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. ஒரு மத்தியானம் குசினி வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. கிதார் தளரவே இல்லை, விறுவிறுவென்று ஓடியது. நீ நுரைக் கையோடு வானொலியிடம் சண்டைக்குப் போனாய்.

“என்ன மச்சான், உவன் பிழையா வாசிக்கிறான்?”

“பிழை அவனில இல்லையடா. நீதான் அந்த இடத்தில சுத்த மறந்துபோறனி.”

“போடா. நான் ஒரே மாதிரித்தான் சுத்தினனான்.”

கலியாணம் கட்டி, பியர்ஃபித்தில் வீடு எடுத்து, தலை நரைத்த பிறகும் நீ விட்டுக்கொடுக்கவில்லை. உன் பிள்ளைகள் போனில் அதைப் போட்டுக்காட்டினால், கள்ளக் கொப்பி என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய்.

போன வருடம் அந்தக் கிதார்க்காரர் கடைசித் தடவையாகப் பாரிசுக்கு வருகிறார் என்றதும் இருவருக்கும் டிக்கெட் எடுத்தேன். அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் உனக்குக் காட்ட முடிந்தது.

“நீ போய்க் கேளடா. இப்பவாவது சரியா வாசிக்கிறானோ எண்டு வந்து சொல்லு” என்றாய்.

கச்சேரிக்கு ஒரு கிழமைக்கு முன் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். எனக்குப் போக மனமே இல்லை. நீ கேட்டதற்காகப் போனேன். உன் இருக்கையில் என் கோட்டைக் கழற்றி வைத்தேன். மேடையில் நின்றவர் நன்றாகக் கிழண்டிருந்தார். பெரிய திரையில் அவருடைய தடித்துப்போன விரல்கள் தெரிந்தன. அந்த இடம் வந்தது. அவர் கண்ணை மூடினார். விரல்கள் தளர்ந்தன. கிதார் இழுபட்டு அழுதது. நம் முற்றத்தில் கேட்ட அதே வேகம். “மச்சான்!” என்று பக்கத்தில் திரும்பினேன். கோட்டுத்தான் கிடந்தது.

அன்றிலிருந்து இந்த ஒரு செய்தியைச் சொல்ல ஆளில்லாமல் சுமந்து திரிகிறேன். ரூ காய் தெருவில் நாம் தேநீர் குடிக்கும் கடையை இன்னமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். இன்று அந்தச் சைக்கிள்காரரிடமே சொல்லிவிடலாமா என்றிருந்தது. ஆனால் கேட்டவன் நீ. உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

சரியாத்தான் வாசிச்சவன், மச்சான். நீ சுத்தின மாதிரியே.