பக்கத்து வீட்டிலும் கேட்பார்கள்

செப்டம்பர் 14

அன்புள்ள அம்மா,

இந்தப் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் முதல் ஆறு வாரம் எங்கள் போன்களைப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் காகிதமும் பேனாவும். நலமாக இருக்கிறேன். முட்டி மட்டும் வீங்கியிருக்கிறது.

நம் ஊர் ஷெரிப் டேல் என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டாலும், மாநில வாரியம் சான்று கொடுத்தால்தான் பேட்ஜ். அதற்காக ரஸ்ஸல் ஆம்ப்லர் என்பவர் என் பின்னணியை விசாரிக்க வருவார். நம் வீடு, பக்கத்து வீடு, நான் வேலை பார்த்த பர்கர் கடை, எல்லா இடத்திலும் கேட்பார். பயப்படாதே. இரண்டு முறை கஞ்சா புகைத்ததையும் பர்கர் கடையில் என்னை வெளியே அனுப்பியதையும் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். "தப்புப் பண்ணவனைக்கூட எடுத்துக்குவோம். மறைச்சவனை எடுக்க மாட்டோம்" என்று எங்கள் பயிற்றுநர் தினமும் சொல்கிறார்.

என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்.

உன் செல்ல
கொரின்

செப்டம்பர் 23

என் தங்கமே,

முட்டிக்கு ஐஸ் வை. உன் ஆம்ப்லர் வந்து போனார். முதலில் பக்கத்து வீட்டு மிஸஸ் கூபிக்கிடம் போயிருக்கிறார். அவள் நீ அவளுடைய தக்காளியைத் திருடியதைச் சொல்லிவிட்டாளாம். "கேஸ் போடவா?" என்று கேட்டாராம் மனிதர்.

நம் வீட்டில் ஆப்பிள் பை சாப்பிட்டுக்கொண்டே, "போலீஸ்கிட்ட எப்பவாவது மாட்டியிருக்காளா?" என்றார். "மாட்டுறதா? பதினேழு வயசுல என் காரை ஓட்டிட்டுப் போய் ஒரு மான் மேல மோதிட்டா. அப்ப டேல் ஷெரிப் ஆகல, வெறும் டெபுடி. அவர்தான் பத்திரமா வீட்டுல கொண்டாந்து விட்டாரு. எங்க ஊர்ல பசங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக மாட்டாங்க சார், அம்மாகிட்டதான் கொண்டு வருவாங்க" என்றேன். உன்மேல் எல்லோருக்கும் எவ்வளவு பிரியம் என்று அவருக்குத் தெரியட்டுமே.

எந்தச் சாலை, எப்போது என்று கேட்டார். சர்க்கரை பீட்ரூட் அறுவடை தொடங்கிய அன்று, சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலை என்றேன். ஆப்பிள் பையில் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். இனிப்பு ஒத்துக்கொள்ளாதோ என்னவோ.

முத்தங்களுடன்
அம்மா

செப்டம்பர் 28

அம்மா,

அதை ஏன் சொன்னாய்? நான் எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. அவர் திரும்பி வருவார். காலம் குழம்பிவிட்டது, அது வசந்த காலம், அறுவடை அல்ல என்று சொல்லிவிடு. தயவுசெய்து.

கொரின்

அக்டோபர் 3

கொரின்,

ஒரு மானுக்காக நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்று புரியாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். உட்காரவில்லை.

"கார்ல ரத்தம், முடி ஏதாவது பார்த்தீங்களா?" என்றார். நான் காரையே பார்க்கவில்லை. டேல் அதை நேராகப் பட்டறைக்கு ஓட்டிப் போய், சரிசெய்து கழுவிக் கொண்டுவந்தார். அன்று அவருக்கு நன்றி சொல்லி ஒரு ஆப்பிள் பை செய்து கொடுத்தேன்.

அதே இரவு, அதே சாலையில், எவுசெபியோ லாராவை ஒரு வண்டி அடித்துப் போட்டது. விடிந்தபின் லாரிக்காரர்கள் பள்ளத்தில் பார்த்தபோது உயிர் இல்லை. அடையாளம் தெரியாத வண்டி என்று அறிக்கை எழுதியவர் டேல். இரண்டையும் ஆம்ப்லர்தான் சேர்த்துச் சொன்னார். சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எவுசெபியோவின் மனைவி லிடியா பள்ளி உணவகத்தில் என் பக்கத்தில் நின்று பரிமாறுகிறாள். ஏழு வருடமாக. உனக்குத் தெரியும். நீ அவளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லியிருக்கிறாய்.

அது மான்தான் என்று ஒரு வரி எழுது. நான் நம்புகிறேன்.

அம்மா

அக்டோபர் 8

அம்மா,

இருட்டாக இருந்தது. மோதியதும் நான் டேலைத்தான் கூப்பிட்டேன். அவர் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, "மான்தான். வண்டியில ஏறு. இனி இதைப் பத்திப் பேச்சே வேணாம்" என்றார். நான் மான் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவர் வருவதற்கு முன் அங்கிருந்து குரல் கேட்டது. ஸ்பானிஷ். இரண்டு முறை. நான் காரைவிட்டு இறங்கவில்லை.

அன்றிலிருந்து யாரையாவது காப்பாற்றும் வேலைக்குத்தான் போக வேண்டும் என்று இருந்தேன். நல்ல போலீஸாக இருப்பேன் அம்மா, சத்தியமாக. டேல் தன் அறிக்கையை மாற்ற மாட்டார். நீ ஒருத்திதான் பாக்கி. ஞாபகம் சரியில்லை என்று சொல். உன்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

படித்ததும் இதை எரித்துவிடு.

கொரின்

அக்டோபர் 13

கொரின்,

எரிக்கவில்லை. யாரிடமும் கொடுக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் ஆம்ப்லரிடம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்ததை நீதான் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை உன்னிடம் வருகிறார். பேட்ஜ் கிடைக்காது. அதைவிடப் பெரிதாகவும் வரலாம். எங்கே உன்னைக் கொண்டுபோனாலும் நான் வருவேன்.

ஆம்ப்லரிடம் சொல்வதற்கு முன்பே லிடியாவிடம் சொல்லிவிட்டேன், உனக்குக் கேட்ட குரலையும் சேர்த்து. பாத்திரம் கழுவும் இடத்தில். அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். ஈரக் கையைத் துடைத்தாள். பிறகு, "எவுசெபியோ பேசினாரா? என்ன சொன்னாரு?" என்றாள். "என் பொண்ணுக்கு ஸ்பானிஷ் தெரியாது" என்றேன்.

"பரவாயில்ல வெர்னா. காதுல எப்படி விழுந்துச்சோ அப்படியே எழுதச் சொல்லு. எனக்குப் புரியும்."

நாளையும் அவள் பக்கத்தில்தான் நிற்பேன். எழுது.

அம்மா