டங் என்று சொல்லும் பலகை

பதிவு 1. நிலவுத் தளம், பலகைப் பட்டறை. காலை 6.10
காற்று சரி. தண்ணீர் சரி. பலகை அழுத்தும் இயந்திரம் சூடாகிவிட்டது.
கண்டெடுத்து வாசிக்கப்போகிறவருக்கு: நான் நல்லசிவம். உடுமலையில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்து கொடிகட்டிப் பறந்தவன். கோயில் யானை ஏறி நின்றும் என் தொட்டியில் கீறல் விழவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குமேல் அவர்களுக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை.
வேலை இதுதான். தென்னை நாரை விரித்து, பிசினில் நிலவு மண்ணைக் கொஞ்சம் கலந்து ஊற்றி, அழுத்திச் சுவர்ப்பலகை ஆக்க வேண்டும். நான் தங்கியிருக்கும் இரும்பு அறையை ஒட்டி அந்தப் பலகையால் இன்னொரு அறை. நாலு பேர் வந்து தங்கப்போகிறார்கள். அதில் ஒருத்தி என் அண்ணன் மகள் பூங்கோதை. பிசின் படித்த டாக்டராம். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை எழுதத் தெரியாது.

பதிவு 2. அதே நாள், 9.40
நூறு கிலோ பிசினுக்குப் பத்துக் கிலோ மண். இது பூங்கோதை அம்மிணியின் கணக்கு. ஒரு பலகை அப்படியே செய்து, விரலை மடக்கித் தட்டினேன். தொப். மெத்தைக்கடையா நடத்துகிறோம்? உடுமலையில் தொட்டி வாங்க வருகிறவன் இப்படித்தான் தட்டுவான். டங் என்றால் எடுத்துப்போவான், தொப் என்றால் அடுத்த கடை. அதற்காகவே நாங்கள் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொட்டுவோம். இங்கே வாசலெல்லாம் மண். பாதிக்குப் பாதி போட்டேன். டங்! கோயில் மணியே தோற்றது.
பூமியிலிருந்து அழைப்பு:
“சித்தப்பா, மண்ணு எத்தன போட்டீங்க?”
“வேணுங்கறத போட்டிருக்கேன் அம்மிணி.”
“மண்ணு நெறஞ்சா நாருக்குப் பிசின் போய்ச் சேராதுங்க. இழுவையத் தாங்கறது நாருதான். வெளிய காத்தே இல்ல, உள்ள இருக்கற காத்து சுவத்தத் தள்ளீட்டே இருக்கும்.”
“நீ பொறக்கறதுக்கு முன்னாலயே நான் தொட்டி வித்தவன்.”
“தண்ணித்தொட்டி ஒடஞ்சா தரைதானுங்க நனையும்!”
வாய் மட்டும் எங்கள் குடும்பத்து வாய்.

பதிவு 3. ஒன்பதாம் நாள், 11.00
அறை முடிந்தது. காற்று நிரப்பினேன். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. பூங்கோதை கப்பலில் கிளம்பிவிட்டாள். வழியிலிருந்தும் பாட்டு:
“சூரியன் வந்தா பலகை விரியும் சித்தப்பா. நான் வந்து பாக்கற வரைக்கும் உள்ள போகாதீங்க. போனாலும் விண்வெளி உடுப்பைக் கழட்டீராதீங்க.”
இரண்டு யானை ஏறி நின்ற தொட்டியைச் செய்தவனுக்கு உடுப்பு எதற்கு? கழற்றி இரும்பு அறையில் மாட்டிவிட்டு, படுக்கையைப் புது அறைக்குக் கொண்டுவந்தேன். அவள் வந்து இறங்கும்போது நான் கால்நீட்டிப் படுத்திருக்க வேண்டும். அதைப் பார்க்க வேண்டும் அவள்.

பதிவு 4. பன்னிரண்டாம் நாள், 7.25
நிலவின் இரண்டு வார இரவு முடிந்து சூரியன் ஏறிவிட்டது. கிழக்குச் சுவர் டங் என்றது.
நான் தட்டவில்லை.
மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. வெயில் பட்டால் எந்தச் சாமானும் முனகத்தான் செய்யும். முள் இறங்குகிறது. அழுத்தம் குறைந்தால் இரும்பு அறைக் கதவு தானே பூட்டிக்கொள்ளுமாம், பூட்டிக்கொண்டது. எந்த மேதாவி வைத்த ஏற்பாடோ. உடுப்பு அந்தப் பக்கம்.

பதிவு 5. 7.50
“சித்தப்பா, நாங்க எறங்க ரெண்டு மணி நேரம் ஆகும். மிச்ச நாரு, பிசினு எல்லாத்தையும் வெரிசல் மேல போடுங்க. மண்ணு வேண்டாம். கேக்குதுங்களா?”
“கேக்குது.”
“கோவிச்சுக்காம போடுங்க சித்தப்பா.”
போட்டேன். அறை மூலையில் மிச்சம் கிடந்த நாரைச் சிம்பு சிம்பாகப் பிசினில் முக்கி, மூன்று அடுக்கு. பிடித்துக்கொண்டது. தட்டிப் பார்த்தேன். தொப்.

பதிவு 6. 8.30
நார் தீர்ந்தது. ஒட்டு அசையவில்லை. பக்கத்துப் பலகையில் கோடு. அதற்கடுத்ததிலும். மூச்சு வாங்குகிறது. காது அடைக்கிறது.
வாசிக்கிறவருக்கு: அந்த ஒட்டைத் தட்டிப் பாருங்கள். தொப் என்னும். அதுதான் பலகை. கண்டுபிடித்தவன் நான். தன்னுடையது என்பாள் பூங்கோதை, நம்பாதீர்கள். மற்ற பலகையெல்லாம் வேறு எவனோ செய்தது. இந்த அறையில் அவளைப் படுக்க விடாதீர்கள்.
மூன்று யானை நின்ற
டங்
நான் தட்டவில்லை
டங்
நான் தட்ட