சுழலும் பளிங்குத் தூண்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்டான்லி எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? கடப்பாக்கத்தில் மழை விட்டதா? நான் நலம். போனில் சொன்னால் என் குரலை வைத்தே பயந்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

துருக்கியில் நாங்கள் சாரம் கட்டும் பள்ளிவாசல் சுல்தான்கள் காலத்தது, நானூறு வயது. அதன் பெரிய குவிமாடத்தை நான்கு பக்கமும் அரைக் குவிமாடங்கள் தாங்குகின்றன. செவ்வாயன்று நான் உச்சியில் இருந்தபோது நிலம் லேசாக ஆடியது. உடனே நின்றுவிட்டது, ஆனாலும் வேலையை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டார்கள்.

இறங்கியதும் என்னோடு சாரம் கட்டும் மறைமலைநகர் அருணகிரி, "இன்னாடா, எறங்கியும் கம்பிய வுடாம புடிச்சிகினு கீற?" என்றான்.

தொழும்போது எல்லாரும் நோக்கும் சுவரோரம் சின்னப் பளிங்குத் தூண் ஒன்று உண்டு. கையால் திருப்பினால் சுழலும். கட்டடம் கொஞ்சம் இறங்கினாலும் அது இறுகிவிடும் என்று அந்தக் காலத்திலேயே வைத்திருக்கிறார்கள். எங்கள் பெண் இன்ஜினியர் திருப்பினார், அசையவில்லை. என்னையும் பிடிக்கச் சொன்னார். இருவரும் அழுத்தியபின் மெல்லத் திரும்பியது; கட்டடம் இறங்கவில்லை. மறுநாளே வேலை மீண்டும் தொடங்கியது.

இப்போது தினமும் ஏறுமுன் அதைத் திருப்பிப் பார்க்கிறேன். அருணகிரி சிரிக்கிறான், பிறகு அவனும் திருப்புகிறான்.

உன் பழைய புடவை ஒன்றை அனுப்பு, இங்கே கம்பளி குத்துகிறது. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை. மேலே கூப்பிடுகிறார்கள்.

ஸ்டான்லி