மீசை வைத்த காளி

அன்பு மகள் பிரமிளாவுக்கு,

நானும் அம்மாவும் ஜார்ஜ் டவுனில் சுகம், மழையும் தன் பாட்டுக்குப் பெய்கிறது, டப்ளின் குளிரில் நீ இருமல் சளி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். அப்பாவின் கடிதமா என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். நான்தான் எழுதுகிறேன், அம்மா சொல்லி எழுதவில்லை.

நவராத்திரிக்கு நம் கோயில் மண்டபத்தில் காளி நாடகம் போட்டோம், எழுதியது நான், காளி வேஷம் கோகுலனுக்கு. அன்று பார்த்து கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று ஐந்து மணிக்குப் போன் செய்கிறான். வசனம் முழுதும் தெரிந்தவன் நான் ஒருவன்தான், "நீங்களே வேஷம் கட்டுங்க லா" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மீசையை எடுக்கமாட்டேன் என்று நின்றேன். உன் அம்மா தன் சிவப்புப் பட்டுப்புடவையை எனக்குச் சுற்றிக்கொண்டே, "மீசை இருந்தா என்னங்க, காளிக்குக் கோபம் வந்தா போதும், அது உங்ககிட்ட நிறைய இருக்கு" என்றாள். மேடையேறியதும் முன்வரிசையில் ஒரே சிரிப்பு, நான் ஒரு கத்து கத்தியதும் நின்றுவிட்டது.

அசுரனைக் கொன்ற பிறகும் காளிக்கு வெறி அடங்கவில்லை, உலகமே நடுங்குகிறது, சிவன் கைக்குழந்தையாகி அவள் வழியில் கிடந்து அழுகிறார், அவள் தூக்கிப் பாலூட்டித் தணிகிறாள், இதுதான் கட்டம். குழந்தையாகக் காட்ட வைத்திருந்த பொம்மையைக் காணோம், பக்கத்து வீட்டு யுகேந்திரன் தன் நாலு மாத மகளைக் கொண்டுவந்து பாயில் படுக்கவைத்துவிட்டான். நான் அம்பாள், அது சிவன், எல்லாம் தலைகீழ். என் முகத்தைப் பார்த்ததும் நிஜமாகவே அலறியது. நான் இன்னும் இரண்டு சுற்று ஆடவேண்டும், ஆடமுடியவில்லை மா. வாளைப் போட்டுவிட்டுத் தூக்கினேன், தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பியது. அக்கவுண்டன்ட் வேலையை விட்டுவிட்டு ஆழ்மனத்தைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்று, பைத்தியக்காரர்களோடு உட்காரவா உன்னை வளர்த்தேன் என்று கத்தினேனே, அந்தக் குரலும் உன்னைத் தூக்கி வளர்த்த இந்தக் கையும் ஒரே ஆளுடையவைதான் என்று அப்போதுதான் உறைத்தது. மேடையிலேயே தேம்பி அழுதேன். நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள், உன் அம்மா மட்டும் தட்டவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, நீ போன வருடம் அனுப்பிய கட்டுரையைப் பிரித்துப் படித்தேன், பாதி புரியவில்லை. கொல்கிறவளும் பாலூட்டுகிறவளும் ஒரே தெய்வம், நமக்குள்ளும் அப்படி எதிரெதிராக இருப்பவற்றில் ஒன்றை மூடிவைத்தால் அது வேறு வழியில் வெடிக்கும், இரண்டையும் ஏற்றுக்கொண்டு சேர்ப்பதுதான் முழுமை என்று எழுதியிருக்கிறாய், அங்கே பென்சிலால் கோடு போட்டேன். இரண்டு வருடமாக உன் போன் வரும்போதெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன், வேர் அழுகியதுதான் மிச்சம். தவறு என்னுடையது, மன்னித்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, அம்மா அரைத்த மிளகுத்தூள் தனியாக வருகிறது. அம்பாள் உன்னை நிறைவாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, போனை நான் எடுப்பேன். மூன்றாம் பக்கத்தில் நிழல் என்று ஏதோ எழுதியிருக்கிறாய், அது சுத்தமாக விளங்கவில்லை, முதலிலிருந்து சொல்லு. குறுக்கே பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பழனியப்பன்