ஓரகத்தியின் ஹீல்ஸ்

மார்ச் 3
கொழுந்தன் மனைவி இன்றும் காரை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினாள். கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது அந்தச் சிவப்பு ஹீல்ஸ். அப்புறம்தான் அவள். ஜன்னலில் நின்ற மாமியாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், பொறாமைதான். இங்கேகூடப் பொய் எழுதுவானேன்?

மார்ச் 5
சாப்பிடும்போது இவர் சொல்கிறார், "அவளைப் பாத்துக் கத்துக்கோயேன்." நானும் மாதக்கணக்கில் கார் ஓட்டப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன். தட்டை நங்கென்று வைத்தேன். சரி, அவளைப் பார்த்தே கற்றுக்கொள்கிறேன்!

மார்ச் 9
அதே ஹீல்ஸ் வாங்கிவிட்டேன். அவளுடையதைவிட உயரம். தரையைத் தொடும் பாவாடையும்கூட. என்னை மட்டும் யாரும் பார்க்கக் கூடாதா?

மார்ச் 12
இன்று அதையெல்லாம் போட்டுக்கொண்டு எங்கள் காரை ஓட்டினேன். வாசலில் பிரேக்கை மிதிக்கப் போனேன் — ஹீல்ஸ் கீழே கிடந்த விரிப்பில் மாட்டிக்கொண்டது. காலை இழுத்தால் பாவாடை சுற்றிக்கொண்டது. பக்கத்திலிருந்த இவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கார் தூணில் இடித்து நின்றது.

தூணுக்கு ஓரடி தள்ளி மாமியார், செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு.

ஐயோ. அத்தை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 13
இனி நீ ஓட்டவே வேண்டாம் என்று சாவியை வைத்துப் பூட்டிவிட்டார் இவர். அழுதேன்.

மாலையில் ஓரகத்தி தன் காருக்குக் கூட்டிப்போனாள். பின் சீட்டில் ஒரு பை, அதற்குள் நைந்துபோன தட்டையான கான்வாஸ் ஷூ. ஓட்டும்போது அதைத்தான் போடுவாளாம். நிறுத்திய பிறகுதான் ஹீல்ஸாம்! நான் பார்த்ததெல்லாம் அவள் இறங்குவதை மட்டும்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க, அக்கா? நான் வந்து நின்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க."



மார்ச் 17
இவரிடம் பேசிச் சாவியை வாங்கித் தந்ததும் அவள்தான். நான் கெஞ்சியபோது காது கேட்காத மனுஷனுக்கு அவள் சொன்னால் மட்டும் கேட்கிறது. அதற்கும் எரிகிறது.

ஏப்ரல் 20
லைசென்ஸ் வந்தபின் முதல்முறையாக நானே கடைக்கு ஓட்டிப்போனேன். கால்சட்டையும் தட்டை ஷூவும் போட்டுக்கொண்டு. பக்கத்தில் ஓரகத்தி. பெல்ட்டை மாட்டியவள் பாதி வழியிலேயே தூங்கிப்போனாள் — என்னை நம்பி. சிக்னலில் திரும்பிப் பார்த்தேன். தூங்கும்போதும் அழகாகத்தான் இருக்கிறாள், பாவி.

பள்ளம் பார்த்து, அவள் தலை ஆடாமல் ஓட்டினேன்.