மை பூசிய ஒன்பது இடங்கள்

அனுப்புநர்:
சி. ஜெயபிரியா, த/பெ. சிவனணைந்தபெருமாள்,
பன்னிரண்டாம் வகுப்பு,
மேலகரம், தென்காசி.

பெறுநர்:
ஒருங்கிணைப்பு அலுவலர் அவர்கள்,
சாரல் மாணவர் கட்டுரைப் போட்டிக் குழு,
தென்காசி.

பொருள்: முதல் பரிசு பெற்ற என் கட்டுரையிலிருந்து நீக்கப்பட்ட பெயர்களையும் ஆதாரப் பட்டியலையும் மலர் அச்சாகும் முன் திரும்பச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. போட்டி அறிவிப்பு, விதிகள் 4 மற்றும் 7.
2. என் பள்ளிக்கு 20.08.2025 அன்று வந்த மலரின் மெய்ப்புப் படி, பக்கங்கள் 11–14.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் குழு 19.07.2025 அன்று நடத்திய போட்டியில் "அருவி நிறம் மாறும்போது" என்ற என் கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்துள்ளது. அதற்கு என் நன்றி. பரிசு கிடைத்தவர் புகார் மனு எழுதுவது வழக்கமில்லை என்று வீட்டில் சொன்னார்கள். ஆனாலும் பரிசுக் கட்டுரைகள் அடங்கிய மலர் வரும் திங்கட்கிழமை அச்சுக்குப் போவதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2. கல்லூரியில் எழுதுவது போன்ற கட்டுரையாக இருக்க வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. அதற்காகத் தாங்கள் ஏற்பாடு செய்த ஒருநாள் பயிற்சியில் பேராசிரியர் உமா மகேஸ்வரி அம்மா, முதலில் கேள்வியை முடிவு செய்யவும், ஒரு தகவலுக்கு ஓர் அட்டை என்று எழுதி வரிசைப்படுத்தவும், ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் அது எங்கிருந்து வந்தது என்று குறிக்கவும் சொல்லித் தந்தார்கள். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, எழுதாத பக்கத்தில் நாற்பத்தொரு அட்டைகள் எழுதினேன். அவற்றில் இருபத்தாறு அட்டைகளின் மூலையில் ஒரே பெயர்தான் இருந்தது: மூக்கம்மாள்.

3. அவர் குற்றாலம் பேரருவிக்குப் போகும் வழியில் எண்ணெய், சீயக்காய், துண்டு விற்கும் சிறிய கடை வைத்திருப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அருவியில் குளிக்கத் தடை வந்த நாளெல்லாம் கடையின் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எறியாமல் ஒரு கம்பியில் குத்தி வைப்பது அவர் வழக்கம். தாளின் பின்னால், தண்ணீர் எப்போது செம்மண் நிறமானது, இலைதழை எப்போது வந்தது, தடை அறிவிப்பை எப்போது கேட்டார் என்று மூன்று நேரங்கள் இருக்கும். பதினாறு வருடத் தாள்கள் அந்தக் கம்பியில் உள்ளன. நிறம் மாறியதற்கும் அறிவிப்புக்கும் இடையே எத்தனை நிமிடம் என்பதுதான் என் கட்டுரையின் கேள்வி. அதற்கான பதில் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கம்பியில்தான் கிடைத்தது.

4. விதி 4, ஆதாரங்களைத் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்கிறது. எனவே கட்டுரைக்குள் ஒன்பது இடங்களில் பெயர் எழுதி, பட்டியலைத் தனித்தாளில் எழுதி, நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். மெய்ப்புப் படியில் அந்தப் பட்டியல் இல்லை. ஒன்பது பெயர்களும் இல்லை. சில இடங்களில் "ஒருவர்" என்று இருக்கிறது. 12ஆம் பக்கத்தில் மட்டும், பெயரை எடுத்தபின் வாக்கியம் நிற்காததால் போலும், "2011 ஆடி மாதம் அருவியின் நிறம் மாறியதை நான் பார்த்தேன்" என்று சேர்த்திருக்கிறார்கள். ஐயா, 2011இல் எனக்கு மூன்று வயது.

5. கட்டுரை அச்சாகும்போது பெயர் வரும் என்று மூக்கம்மாள் அக்காவிடம் நான் சொல்லியிருந்தேன். கம்பியைக் கழற்றித் தந்தது அதற்காக அல்ல. நான் கேட்டதும் தந்தார். ஆனால் நான் சொன்னபின் பக்கத்துக் கடைக்காரர்களிடம் அவரும் சொல்லியிருக்கிறார். நேற்று மாலை மெய்ப்பின் நகலோடு போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நான்கு பக்கமும் படித்தார். பிறகு, "ஏட்டி பிரியா, இதுல நான் எங்கன இருக்கேன்?" என்று கேட்டார். என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. எதிரே ரம்புட்டான் விற்கும் நயினார் அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒம் பேர அருவித் தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டு போல, மூக்கம்மா! இந்தப் பிள்ள தொட்டில்ல கெடந்துக்கிட்டே அருவியப் பாத்திருக்கு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்து, "பேரு இருந்தாத்தான் எண்ண விக்குமாக்கும்?" என்று சொல்லிவிட்டு, கம்பியை எடுத்து உள்ளே மாட்டினார். இதுவரை அது வெளியே, எல்லாரும் பார்க்கும்படிதான் தொங்கிக்கொண்டிருந்தது.

6. இன்று காலை இரண்டு பாடவேளைக்கு அனுமதி பெற்றுத் தங்கள் அலுவலகம் வந்தேன். தாங்கள் வெளியூர் சென்றிருந்தீர்கள். விடைத்தாள்களுக்கு எண் போட்ட எழுத்தர் திரு. சிவசைலம் அவர்கள் என் தாளை எடுத்துக் காட்டினார்கள். ஒன்பது பெயர்களின்மேலும் கறுப்பு மை இருந்தது. கட்டிய நூல் அறுக்கப்பட்டிருந்தது. "ஏம்மா, பேரு தெரிஞ்சா விதி ஏழுப்படி தாளத் தள்ளிருவாங்கள்லா? ஒன் நல்லதுக்குத்தான் அடிச்சேன்" என்றார்கள். விதி 7, விடைத்தாளில் எந்தப் பெயரும் இருக்கக் கூடாது என்கிறது. பொதுத்தேர்வில் நாங்கள் கேட்டுப் பழகியதும் அதுதான். அதனால் மாவட்ட நூலகத்தில் நான் படித்த நூலின் ஆசிரியர் பெயருக்கும் மை பூசப்பட்டுவிட்டது. அவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன.

7. எழுத்தர் அவர்கள் மீது நான் புகார் சொல்லவில்லை. அவர்கள் பூசிய மை இல்லாவிட்டால் என் தாள் மதிப்பிடப்படாமலே போயிருக்கலாம். என் பிழையும் உண்டு. இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று மோதுவதை அறிவிப்பைப் படித்த அன்றே நான் கவனித்தேன். கேட்டால் அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

8. எனவே ஐயா அவர்களைக் கேட்டுக்கொள்வது:

அ. எழுதியவர் பெயரை மறைக்கவே விதி 7 என்றும், சொன்னவர் பெயருக்கு அது பொருந்தாது என்றும் கருதி, ஒன்பது பெயர்களையும் பட்டியலையும் திரும்பச் சேர்க்க வேண்டும். இடம் போதாது என்றால் என் புகைப்படத்தை எடுத்துவிடலாம். பட்டியல் அந்த அளவுக்குள் அடங்கும். அளந்து பார்த்துவிட்டேன்.

ஆ. 12ஆம் பக்கத்தில் உள்ள "நான்" நீக்கப்பட வேண்டும்.

இ. பெயர்களைச் சேர்த்தால் விதி 7இன்படி பரிசு செல்லாது என்று குழு முடிவு செய்தால் அதை ஏற்றுக்கொள்கிறேன். முதல் பரிசு பெறுபவருக்கு உமா மகேஸ்வரி அம்மாவின் கல்லூரியில் பத்து நாள் ஆய்வுப் பயிற்சி உண்டு. அதற்குப் போக எனக்கு மிகவும் ஆசை. இருந்தாலும், பெயர் இல்லாமல்தான் அச்சாகும் என்றால் கட்டுரையை மலரிலிருந்து எடுத்துவிட்டு, பரிசை அடுத்தவருக்குத் தந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையை எழுதியது நான். பதினாறு வருடம் பார்த்தது நான் இல்லை.

திங்கட்கிழமைக்கு முன் தங்கள் முடிவை எதிர்பார்த்து,

சி. ஜெயபிரியா

நாள்: 22.08.2025
இடம்: மேலகரம்

இணைப்பு:
1. மெய்ப்புப் படியின் 12ஆம் பக்க நகல்.
2. காலண்டர் தாள்கள் மூன்றின் நகல் (இருபுறமும்).
3. அட்டைகளைப் பார்த்துத் திரும்ப எழுதிய ஆதாரப் பட்டியல்.

இம்மனுவின் ஆதாரங்கள்:
பத்தி 2: பயிற்சியில் நான் எடுத்த குறிப்பு.
பத்தி 6: திரு. சிவசைலம், எழுத்தர். நேரில் கேட்டது, 22.08.2025. எழுதிக்கொள்ள அனுமதி பெற்றேன்.
பத்திகள் 3, 5: பே. மூக்கம்மாள், எண்ணெய்க் கடை, குற்றாலம். நேரில் கேட்டது, பல நாட்கள், கடைசியாக 21.08.2025. அன்று நான் பேருந்து நிறுத்தம்வரை வந்தபின் பின்னாலேயே வந்து, ஒருவேளை பெயர் போடுவதாக இருந்தால் இனிஷியலோடு போடச் சொன்னார்.