தொட்டில் கட்டிய கை

1941 ஆவணி, வெள்ளிக்கிழமை.

பிள்ளையில்லாததற்கு என்னிடம் குறை ஒன்றுமில்லை, கணவரையும் சோதிக்க வேண்டும் என்று போன மாதம் மதுரை டாக்டரம்மா சொன்னார். இவர் வரமாட்டார் என்றே நினைத்தேன். மில்லில் லீவு போட்டுவிட்டு வந்தார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, குறை அவரிடம்தான் என்றார் டாக்டரம்மா. மருந்து கொடுத்திருக்கிறார், உறுதி சொல்லவில்லை.

இன்று காலை மடவார் வளாகம் கோயிலில், வழக்கம்போல மாமியார் பிள்ளை வரத்துக்காக அங்குள்ள மரத்தில் கட்ட, சின்ன மரத்தொட்டிலை என் கையில் கொடுத்தார். இவர் குறுக்கே வந்தார்.

"அம்மா, குறை எங்கிட்டதான். டாக்டரம்மா பாத்துச் சொல்லிட்டாவ. இனிமே அவளை ஒண்ணும் சொல்லாத."

மாமியார் தொட்டிலை என்னிடமிருந்து வாங்கி இவர் கையில் வைத்தார்.

"அப்ப நீயே கட்டுலே."

பெண்கள் மட்டுமே தொட்டில் கட்டும் மரம் அது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். மில்லில் நாளெல்லாம் அறுந்த நூலை முடிகிற கை, அந்த ஒரு முடிச்சுக்குத் தடுமாறியது. ஆனாலும் கட்டி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. சாமியிடம் பிள்ளை கேட்கவே மறந்துவிட்டேன். இவருக்காக நன்றி மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.